தீட்டுக்கல்லில் பள்ளம் விழுந்தால்: வைரத் தகடா, வாட்டர் பேப்பரா?

தண்ணீர் விட்டுக் கத்தி தீட்டுகிற ஜப்பானியத் தண்ணீர்க் கற்களில் கிங், ஷாப்டன், நானிவா என்று எதை வாங்கினாலும் சில மாதங்களில் அதன் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். அது கல்லின் குறை இல்லை. மேலே உள்ள துகள் மழுங்கியதும் உதிர்ந்து, அடியில் இருக்கிற புதுத் துகள் வெளியே வருவதால்தான் இந்தக் கற்கள் இரும்பை இவ்வளவு வேகமாகத் தின்கின்றன. உதிராத கல் வழவழத்துப்போய்க் கத்தியைச் சறுக்க மட்டுமே விடும். அதனால் தண்ணீர்க் கல் வாங்குகிற எவரும் கூடவே இன்னொரு முடிவையும் எடுத்தாக வேண்டியிருக்கிறது. தேய்ந்த கல்லை எதை வைத்து மட்டப்படுத்துவது?

சிங்கப்பூரில் இதற்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. வைரத் துகள் பதித்த தகடுகள் இணையக் கடைகளில் பத்துப் பதினைந்து வெள்ளி விலையிலிருந்து, நூறு வெள்ளியை ஒட்டி விற்கிற ஜப்பானியத் தகடு வரை வரிசையாக நிற்கின்றன. மட்டக்கல் என்று கோடு கோடாகப் பள்ளம் வெட்டிய தடித்த கல் ஒன்றும் தண்ணீர்க் கல்லோடு சேர்த்தே விற்கப்படுகிறது. ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைக்குப் போனால் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், ஒரு தாள் ஒன்று, ஒன்றரை வெள்ளிக்குக் கிடைக்கும். சிமெண்டுத் தரையில் நாலு இழுப்பு இழுத்தால் போதும் என்று சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது தீட்டுகிறவர்களுக்கு நல்ல வைரத் தகடு ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சமையலறைக் கத்தியைத் தீட்டுகிற வீட்டுக்கு வாட்டர் பேப்பரும் தட்டையான ஒரு டைலும் தாராளம். மட்டக்கல் யாருக்கும் வேண்டாம். எவ்வளவு அடிக்கடி தீட்டுகிறீர்கள், உங்களிடம் இருப்பது எந்தக் கல் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் மீதி தானாகவே தெளியும். விலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளம் இருந்தால்தான் என்ன?

இந்தக் கேள்வியைத் தேக்கா பக்கத்து உணவகம் ஒன்றில் மீன் வெட்டுகிற அண்ணன் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். அவருடைய கல் நடுவில் விரல் பதிகிற அளவுக்குக் குழிந்திருந்தது. “தம்பி, கல்லு குழியா இருந்தா என்ன? கத்தி தக்காளித் தோலுல வழுக்காம இறங்குது. அது போதாதா?” என்றார். அவர் கையில் இருந்தது தாய்லாந்துக் கிவி கத்தி. மெல்லிய, மிருதுவான எவர்சில்வர். தினமும் காலையில் கல்லில் நாலு இழுப்பு, அவ்வளவுதான். “உங்களுக்குப் போதும்ண்ணே” என்றேன். மனப்பூர்வமாகவே சொன்னேன். அந்த மாதிரிக் கத்தியின் வாய் லேசாக உருண்டு இருந்தாலும் மறுநாள் திரும்பத் தீட்டிக்கொள்கிறார். கை அந்தக் குழிக்கே பழகியும்விட்டது. வைரத் தகடு வாங்குகிற காசுக்கு அவர் இன்னும் சில கிவி கத்திகள் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சுங்கை காடுட் பக்கம் மரவேலை செய்கிற ஒருவருக்கு இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. இழைப்புளியின் இரும்பைப் பள்ளமான கல்லில் தேய்த்தால் அந்தப் பள்ளத்தின் வடிவம் அப்படியே இரும்பில் ஏறும். நேராக இருக்க வேண்டிய வாய், வில்லாக வளைந்துவிடும். உளியின் முதுகு தட்டையாக இருந்தால்தான் உளி நேராக இறங்கும். குழிந்த கல் அந்த முதுகை உருட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டுகிற ஜப்பானிய ஒருபக்கக் கத்திகளுக்கும் இதே கதிதான். அவற்றின் பின்பக்கம் கல்லில் முழுசாகப் படிய வேண்டும். படியாவிட்டால் தீட்டும்போது வாயில் எழுகிற மெல்லிய இரும்புப் பிசிறு ஒரு இடத்தில் எழும்பும், இன்னொரு இடத்தில் எழும்பாது.

வீட்டுச் சமையல்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். இருபக்கக் கத்திக்கு லேசான பள்ளம் பெரிய கேடு செய்யாது. என்றாலும் கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கத்தியை இழுக்கும்போது பள்ளத்தின் சரிவு மாறிக்கொண்டே வருகிறது. கை ஆடாமல் இருந்தாலும் கோணம் ஆடுகிறது. இப்போதுதான் தீட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். பதம் வராததற்குக் காரணம் தன் கையா, கல்லா என்று கண்டுபிடிக்கவே முடியாது. கற்றுக்கொள்கிறவருக்குத்தான் மட்டமான கல் அதிகம் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

வைரத் தகடு: எதற்காக இந்த விலை?

தண்ணீர்க் கற்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. நூப் என்ற கடினத்தன்மை அளவையில் அது ஏறக்குறைய 2,100. சிலிக்கான் கார்பைடு, அதாவது நம் ஆட்கள் கார்பரண்டம் என்கிற பொருள், ஏறக்குறைய 2,500. வைரம் 7,000-ஐத் தாண்டும். இந்த இடைவெளியால்தான் வைரத் தகடு கல்லைச் சீவும்போது கல் மட்டும் தேய்கிறது, தகடு தன் வடிவத்தில் அப்படியே நிற்கிறது. ஒன்றை மட்டப்படுத்த வேண்டுமானால் மட்டப்படுத்துகிற பொருள் வடிவம் மாறக் கூடாது. மற்ற எல்லா வழிகளிலும் கல்லோடு சேர்ந்து அந்தப் பொருளும் தேய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதில் இருப்பது செயற்கை வைரம். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரத்தை உருவாக்கிக் காட்டிய பிறகுதான் வைரத் துகள் தொழிற்சாலைச் சரக்காகியது. அந்தத் துகளை இரும்பு அல்லது அலுமினியத் தகட்டின் மேல் ஒரே ஒரு அடுக்காகப் பரப்பி, நிக்கல் முலாம் பூசிப் பிடித்துவைக்கிறார்கள். ஒரே அடுக்கு என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும். துகள் பாதிக்கு மேல் நிக்கலில் புதைந்திருக்கும். நிக்கல் பிடி விட்டுத் துகள் கழன்றால் அடியில் வேறு துகள் கிடையாது. அதனால் வைரத் தகட்டின் ஆயுள் அதன் மேல் எதைத் தேய்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் பலர் தகட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கிரிட் என்பது துகளின் அளவைச் சொல்கிற எண்; எண் கூடக் கூடத் துகள் நைசாகும். 1000, 3000, 6000 கிரிட் கற்களை வைரத் தகட்டில் பல ஆண்டு தேய்த்தாலும் தாங்கும். 220, 320 மாதிரியான சொரசொரப்பான கற்கள், அதிலும் சிலிக்கான் கார்பைடு கற்கள், வேறு ரகம். அவற்றிலிருந்து உதிர்கிற துகள் வைரத் துகள் அளவுக்கே பெரிசாக இருக்கும். அது தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் உருண்டு வைரத்தைச் சுற்றியிருக்கிற நிக்கலை அரிக்கும். வைரம் தேயாது, அது நின்ற இடம் கரைந்து வைரம் கழன்று போகும். விலை உயர்ந்த தகடு சீக்கிரமே வழவழத்துப்போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதில் சொரசொரக் கல்லைத் தேய்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

எந்தத் தகடு? ஜப்பானின் அடோமா, அமெரிக்காவின் டி.எம்.டி. என்ற இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும். இரண்டும் நல்லவை. ஆனால் இந்த ஊருக்கு எனக்குப் பிடித்தது அடோமா. முதல் காரணம் ஈரப்பதம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இரும்பு அடித்தளம் உள்ள தகட்டில் நிக்கல் மேலே காத்தாலும், சின்னக் கீறலோ ஓரமோ கிடைத்தால் துரு உள்ளே புகுந்துவிடும். அடோமாவின் அடித்தளம் அலுமினியம், துரு என்ற பேச்சே இல்லை. அடுத்தது, அடோமாவில் வைரம் முழுப் பரப்பிலும் பூசப்படாமல் புள்ளிப் புள்ளியாகத் திட்டுகளாக இருக்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீரும் சேறும் ஓடிவிடும். முழுசாகப் பூசிய தகட்டை 6000 கிரிட் கல்லின் மேல் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். பலம் போட்டு இழுத்தால் திடீரென்று விடுபட்டுக் கல் கையிலிருந்து நழுவும். அடோமாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இன்னொன்று, அதன் வைரப் பரப்பு ஒரு மெல்லிய தாள். தேய்ந்துபோனால் உரித்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டலாம். தாள் மட்டும் தனியாக விற்கிறார்கள்.

டி.எம்.டி. தகட்டுக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு. கல்லை மட்டப்படுத்துவதற்கென்றே அவர்கள் செய்கிற பெரிய தகடு 10 அங்குல நீளம், 4 அங்குல அகலம். கல்லை விடத் தகடு பெரிதாக இருப்பது வேலையைச் சுலபமாக்கும். ஒரே நாளில் பல கற்களைச் சீர்செய்கிற மரவேலைப் பட்டறைக்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அதை வைக்கவும் காயவைக்கவும் இடம் தேட வேண்டியிருக்கும்.

மலிவுத் தகடுகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வருகிற மெல்லிய தகடுகள் வளைந்துதான் வரும். அவற்றைத் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டினால் ஓரளவுக்குத் தட்டையாகும். வாங்கிய அன்றே இரும்பு ஸ்கேலை நீளவாக்கிலும் மூலைவாக்கிலும் நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அந்தத் தகடு கத்தி தீட்ட மட்டும் உதவும், கல்லை மட்டப்படுத்த உதவாது. அகலமும் முக்கியம். கல்லை விடச் சின்னத் தகடு பள்ளத்துக்குள்ளேயே இறங்கி அந்தப் பள்ளத்தைத்தான் தேய்க்கும். அடோமா 210-க்கு 75 மில்லிமீட்டர். ஷாப்டன் குரோமாக்கு கல் 210-க்கு 70. இந்த அளவுப் பொருத்தம் இருந்தால் போதும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 400 வெள்ளிக்குக் குறைவான பொருள்களுக்கும் 2023 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி வந்துவிட்டது, இப்போது அது 9 விழுக்காடு.

140-ஆ, 400-ஆ என்பதுதான் அதிகம் பேர் தடுமாறுகிற இடம். 140 கிரிட் வேகமாகச் சீவும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட கல்லையும் சீக்கிரம் வழிக்குக் கொண்டுவரும். ஆனால் 6000, 8000 மாதிரி நைசான கல்லில் ஆழமான கீறல்களை விட்டுவிடும். 400 மெதுவானது, கல்லின் முகத்தை அதிகம் கீறாது. ஒவ்வொரு முறை தீட்டி முடித்ததும் கல்லைச் சரிசெய்கிற பழக்கம் இருப்பவருக்குப் பள்ளம் ஆழமாகவே ஆகாது, அதனால் 400-ன் மெதுவும் ஒரு குறையாகத் தெரியாது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு தகடு வாங்குகிறவர் 400 வாங்கட்டும்; முதல் முறை ஆழமாகக் கிடக்கிற பள்ளத்தை மட்டும் வாட்டர் பேப்பரில் இறக்கிவிட்டுத் தகட்டுக்கு வரட்டும். இரண்டு வாங்க முடிந்தவர்கள் 140-ஐ 1000 கல்லுக்கும், 400-ஐ அதற்கு மேலுள்ள கற்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

புதுத் தகடு முதல் சில முறை ரொம்பவும் கரகரப்பாக இருக்கும். மற்றவற்றை விட உயரமாக நீட்டிக்கொண்டிருக்கிற வைரங்கள் உடைந்தும் கழன்றும் போகிற காலம் அது. அந்தச் சமயத்தில் நைசான கல்லைத் தொட வேண்டாம். 1000 கல்லில் பழக்கி, ஒவ்வொரு முறையும் தகட்டையும் கல்லையும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். கழன்ற வைரம் ஒன்று 8000 கல்லில் புதைந்துகொண்டால் பளபளப்பான கத்தி வாயில் அது தனியாகக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாட்டர் பேப்பர்: குறைத்து எடைபோட வேண்டாம்

கறுப்பு நிற வாட்டர் பேப்பரில் இருப்பதும் சிலிக்கான் கார்பைடுதான். 120 முதல் 220 வரை உள்ள தாள் 1000 கல்லுக்கு, 320 அல்லது 400 தாள் நைசான கல்லுக்கு. தட்டையான பரப்பில் தண்ணீர் தெளித்துத் தாளை விரித்தால் அதுவே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் கல்லைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டியதுதான்.

தட்டையான பரப்பு எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாதாரணப் பளபளப்பு டைல் பல சமயம் லேசாக வளைந்திருக்கும். புதுப்பிப்பு வேலையில் மிச்சமாகிற பெரிய ஹோமோஜீனியஸ் டைல், அதாவது மேற்பூச்சு இல்லாமல் முழுக்க ஒரே பொருளால் ஆன டைல், அதை விட நல்லது. அதையும் ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது கண்ணாடிக் கடையில் வெட்டித் தருகிற 10 மில்லிமீட்டர் கனக் கண்ணாடி. ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும்.

ஒரு தாள் ஒன்றிரண்டு கல்லுக்குத்தான் தாங்கும், பிறகு கடி குறைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்குப் பத்து வெள்ளிகூட ஆகாது. அதே கணக்கை வாரம் ஒரு முறை தீட்டுகிறவருக்குப் போட்டால் இரண்டு மூன்று ஆண்டில் தகட்டின் விலையைத் தொட்டுவிடுகிறது. காசை விடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. தகடு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் தீட்டி முடித்த கையோடு அரை நிமிடத்தில் கல் சரியாகிவிடும். தாள் என்றால் டைலை எடுக்க வேண்டும், தாளை வெட்ட வேண்டும், விரிக்க வேண்டும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். அப்படித் தள்ளிப்போட்டே பள்ளம் ஆழமாகும். அடிக்கடி தீட்டுகிறவர்களுக்குத் தகடுதான் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இந்த அரை நிமிடம்தான்.

தாளிலிருந்து உதிர்கிற கறுப்புத் துகள் கல்லில் பதிவதும் உண்டு. முடித்ததும் பழைய பல் துலக்கியால் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டால் பிரச்சினை இல்லை.

மற்ற வழிகள்

மட்டக்கல்லைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சிலிக்கான் கார்பைடால் செய்த அந்தக் கல்லும் தேய்கிறது, அதிலும் பள்ளம் விழுகிறது. கொஞ்ச நாளில் அதையே யாராவது மட்டப்படுத்த வேண்டும். கடையிலிருந்து வரும்போதே எல்லாம் தட்டையாக வருவதும் இல்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், கல்லின் முகத்தில் அடைத்துக்கொண்டிருக்கிற இரும்புக் கறையைச் சுரண்டி எடுக்க அதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் மட்டமாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். இரண்டே பரப்புகளைத் தேய்த்தால் ஒன்று குழிந்து மற்றது புடைத்து, இரண்டும் அழகாகப் பொருந்திக்கொண்டே வளைந்து போகலாம். மூன்று பரப்புகளை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் தட்டை கிடைக்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசஃப் விட்வொர்த் 1840-ல் இதை விளக்கிச் சொன்னார். துல்லியமான இரும்புப் பலகைகளைச் செய்யும் முறை அதுதான். ஒரே கிரிட்டில் மூன்று கல் யாரிடம் இருக்கும்? வேறு வேறு கிரிட் கற்களைத் தேய்த்தால் சொரசொரத் துகள் நைசுக் கல்லுக்குள் போய்விடும்.

சிமெண்டுத் தரை மேடுபள்ளமானது. அடுக்குமாடிக் கீழ்த்தளமும் நடைபாதையும் பொது இடங்கள். இரண்டு காரணங்களுக்காகவும் வேண்டாம்.

சொரசொரக் கல்லுக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் ஊரிலிருந்து வந்த இருபக்கக் கார்பரண்டம் கல் ஒன்று இருக்கும். சென்னையில் முருகப்பா குழுமம் 1954-ல் கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பெயர் தமிழ் வீடுகளுக்குப் பழக்கம். அரிவாள்மனை, வெட்டுக்கத்தி எல்லாவற்றையும் தாங்கித் தாங்கி அந்தக் கல் நடுவில் ஓடையாகியிருக்கும், எண்ணெய் ஏறிக் கறுத்தும் இருக்கும். இதை வைரத் தகட்டில் போடவே கூடாது. இதற்கு வேண்டியது சிலிக்கான் கார்பைடு பொடி. 60 அல்லது 80 கிரிட் பொடியைக் கண்ணாடி மேல் ஒரு கரண்டி போட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்து, கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் பொடி உருண்டு உருண்டு கல்லைக் கொத்தும். கரகரவென்ற சத்தம் குறையும்போது அந்தப் பொடி செத்துவிட்டது என்று அர்த்தம். வழித்துவிட்டுப் புதுப் பொடி போட வேண்டும். ஊரில் அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழத்துப்போனால் உளியும் சுத்தியலுமாக வந்து கொத்திக் கொடுப்பார்களே, அந்த வேலையைத்தான் இந்தப் பொடியும் செய்கிறது: மட்டத்தோடு சேர்த்துக் கல்லுக்குக் கடியும் திரும்புகிறது. எண்ணெய் ஊறிய கல்லை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பொடிக்கு வைத்த கண்ணாடியும் குழியும் என்பதால் அதை வாட்டர் பேப்பருக்குப் பயன்படுத்தாமல் தனியாக வைப்பது நல்லது. தண்ணீர்க் கற்களில் 220, 320 கிரிட் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி, அல்லது 80 வாட்டர் பேப்பர்.

தேய்க்கும்போது

கல் நன்றாக நனைந்திருக்க வேண்டும். கிங் 1000 மாதிரி ஊறவைக்கிற கல்லைக் குமிழ் அடங்கும் வரை ஊறவிட்டு எடுங்கள். முகம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். தகட்டை மேலே வைத்து, அழுத்தாமல், மூலைவாக்கில் இழுத்துத் தள்ளுங்கள். முதலில் கல்லின் இரு முனைகளில் மட்டும் செங்கல் நிறச் சேறு கிளம்பும், நடுவில் பென்சில் கோடுகள் அப்படியே நிற்கும். சத்தமும் விட்டு விட்டு வரும். போகப் போகக் கோடுகள் நடுப்பக்கமாகச் சுருங்கி, ஒரு முட்டை வடிவத் தீவாகி, கடைசியில் அதுவும் மறையும். அந்த நேரத்தில் சத்தம் ஒரே சீராக மாறியிருப்பதைக் காது சொல்லிவிடும். கோடு அழிந்த உடனே நிறுத்தாமல் இன்னொரு முறை கட்டம் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். கிளம்புகிற சேறே கோட்டை அழிக்கும் என்பதால் முதல் முறை அழிந்ததை முழுசாக நம்ப முடியாது. இரண்டாவது கட்டம் நாலைந்து இழுப்பில் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் மங்கினால் கல் மட்டமாகிவிட்டது.

நடுநடுவே தகட்டைத் திருப்பிப் பிடியுங்கள். ஒரே பக்கமாகத் தேய்த்தால் கை அழுத்துகிற பக்கம் சரிந்துவிடும். முடிந்ததும் கல்லின் நான்கு ஓரங்களையும் தகட்டால் சாய்வாக ஒரு தேய் தேய்த்து மழுக்குங்கள். கூரான ஓரம் சிதறும், கத்தியையும் கீறும்.

தீட்டும்போதே பள்ளத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. நடுவில் மட்டும் தேய்க்காமல் முனைகளையும் ஓரங்களையும் பயன்படுத்துங்கள். பாதி வேலையில் கல்லைத் திருப்பிப் போடுங்கள். கிங் கல்லின் கனம் 34 மில்லிமீட்டர், ஷாப்டன் குரோமாக்கு 15 மில்லிமீட்டர்தான். நடுவில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் என்றால் மற்ற இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கல்லைச் சீவி எறிய வேண்டும். முகம் முழுவதும் சமமாகத் தேய்ந்தால் அந்த இழப்பே இல்லை.

சேற்றுத் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். கல் துகள் குழாய் வளைவில் வண்டலாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளி ஒன்றில் வேலை செய்து, ஒரு இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய சேற்றைச் செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

காயவைப்பதிலும் இந்த ஊரில் கவனம் தேவை. ஈரம் போகாமல் பெட்டியில் போட்டு மூடிய கல்லில் பூஞ்சை பிடிக்கும். அதற்காகத் துணி காயப்போடுகிற கம்புக்குப் பக்கத்தில் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் சில கற்கள் வெடிக்கும். பாத்திரம் கவிழ்க்கிற கம்பித் தட்டில், நிழலில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள். நானிவா புரொஃபெஷனல் வகைக் கற்களைத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப்போடவே கூடாது. அதில் துகளைப் பிடித்திருக்கிற மெக்னீசியாக் கலவை கரைந்து வெடிப்பு விடும். தகட்டைக் கழுவித் துடைத்து நிறுத்தி வைத்தால் போதும். துருவுக்குப் பயந்து அதில் எண்ணெய் தடவாதீர்கள். அடுத்த முறை அந்த எண்ணெய் தண்ணீர்க் கல்லுக்குள் இறங்கிக் கல்லை அடைத்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கல்லே வேண்டாம், வைரத் தகட்டிலேயே கத்தியைத் தீட்டிவிடலாமே என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். கிவி, விக்டோரினாக்ஸ் மாதிரிக் கத்திகளுக்கு 600 அல்லது 1200 கிரிட் தகடு ஒன்று போதும். ஊறவைக்க வேண்டாம், பள்ளம் விழாது, சேறும் கிடையாது. வாய் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், தக்காளிக்கும் மீனுக்கும் அது நல்லதே. தண்ணீர்க் கல் தருகிற வழவழப்பான பதமும், தீட்டும்போது கைக்குத் தெரிகிற அந்த மென்மையும் இதில் கிடைக்காது. அது வேண்டும் என்பவர்கள்தான் கல்லையும் அதற்கான பராமரிப்பையும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் கத்தி தீட்டுகிற தகட்டையும் கல்லை மட்டப்படுத்துகிற தகட்டையும் ஒன்றாக்க வேண்டாம். இரும்புத் தூள் அடைத்த தகடு கல்லின் முகத்தைக் கறையாக்கும்.

பல ஆண்டு உழைத்துக் கடி குறைந்த 140 தகட்டை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. கூர் போன அதன் வைரங்கள் இனி ஆழமாகக் கீறாது. அதனால் புதிதாக இருந்தபோது தொட விடாத 6000 கல்லை இப்போது அதே தகட்டால் சரிசெய்யலாம், ஓரங்களை மழுக்கலாம், தீட்டத் தொடங்குமுன் கல்லின் முகத்தில் பால் போன்ற சேற்றைக் கொஞ்சம் எழுப்பிக்கொள்ளலாம். அதற்கும் உதவாத நிலை வந்தால், அடோமாவாக இருக்கும்பட்சத்தில், தாளுக்குச் சூடு காட்டிப் பசையை இளக்கி மெதுவாக உரியுங்கள். அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற பசையைச் சுத்தமாகத் துடைத்து, ஸ்கேல் வைத்து ஒரு முறை மட்டம் பார்த்துவிட்டு, புதுத் தாளை ஒரு முனையிலிருந்து காற்றுப் புகாமல் அழுத்திக்கொண்டே ஒட்டுங்கள். இந்தத் தடவை 400 தாள் வாங்குங்கள்.